உயிரியல் படிக்க ஒரு டூர் போதாது

விலங்கியல் பட்டப்படிப்பில் செய்முறைத் தேர்வு என்றாலே மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்பாட்டர்தான். நீள மேசையில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஃபார்மலினில் ஊறி நிறம் போன ஓர் உயிரினம். மணி அடித்ததும் அடுத்த ஜாடிக்கு நகர வேண்டும். பெயரை எழுதி, எந்தத் தொகுதி என்று குறித்து, படம் போட்டு, இரண்டு மூன்று வரி விளக்கமும் எழுத வேண்டும். அந்த வரிசையில் பலனோகுளோசஸ் பெரும்பாலும் இடம்பிடித்துவிடும். மணலுக்குள் வளை அமைத்து வாழும், புழுவைப் போன்ற இந்தப் பிராணி, முதுகெலும்பில்லாத உயிர்களுக்கும் முதுகுநாணிகளுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள உதவுவது. விலங்கியல் படித்தவர்களில் அதன் படத்தை ரெக்கார்டு நோட்டில் வரையாதவர்கள் குறைவு.

அதே குடும்பத்தைச் சேர்ந்த டைக்கோடெரா, பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் மணலில் உயிரோடு இருக்கிறது. சென்னை அருங்காட்சியகம் 1927-இல், எஃப். எச். கிரேவ்லியின் முன்முயற்சியில், அந்தத் தீவின் கரையோர உயிரினங்களுக்கென்றே ஒரு வெளியீட்டைக் கொண்டுவந்தது. ஆனாலும் மதுரையிலும் ராமநாதபுரத்திலும் படிக்கும் மாணவர்களில் பலர், அரை நாள் பயணத் தொலைவில் இருக்கும் அந்தக் கரையை ஒருமுறைகூடக் காணாமல் பட்டத்தோடு வெளியேறுகிறார்கள்.

தாவரவியலிலும் இதே கதைதான். பாசிகளைப் பற்றிய பாடத்தில் ஃபிரிட்சியெல்லா என்ற பெயரைக் கடக்காத மாணவர் இந்தியாவில் இல்லை. அதைக் கண்டுபிடித்து 1932-இல் உலகுக்கு அறிவித்தவர் எம். ஓ. பி. அய்யங்கார், சென்னையில் பேராசிரியராக இருந்தவர். பாசி என்றால் நீரில் மிதப்பது என்று எண்ணிய காலத்தில், வற்றிய குளத்தின் ஈர வண்டலில் வளரும் ஒரு பாசியை அவர் காட்டினார். அதன் ஒரு பகுதி மண்ணுக்குள் கிழங்குபோல் திரண்டு நிற்கிறது, இன்னொரு பகுதி மண்ணுக்கு மேலே கிளைக்கிறது. நீரிலிருந்து தாவரங்கள் நிலத்துக்கு ஏறிய கதையைப் பேசும் எவரும் இந்தச் சிறு பாசியைத் தொடாமல் போக முடியவில்லை. அய்யங்காரின் மாணவர் டி. வி. தேசிகாச்சாரி நீலப்பசும்பாசிகளைப் பற்றி 1959-இல் வெளியிட்ட பெருநூல் இன்றும் அத்துறையினரின் மேசையில் இருக்கிறது. குளத்தங்கரையில் தொடங்கிய ஆசிரியர்–மாணவர் மரபு ஒன்று உலகத் தரத்துக்குப் போன சான்று இது. அந்தப் பாசியை இன்றைய மாணவர் கைடு புத்தகத்தின் கோட்டுப்படத்தில் சந்திக்கிறார். ஏரியும் கண்மாயும் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. கோடையில் வண்டல் காய்வதும் ஆண்டுதோறும் நடப்பதுதான். மாணவருக்கும் வண்டலுக்கும் இடையில் ஏதோ ஒன்று அறுந்துபோயிருக்கிறது.

அறுந்தது களப்பணி. பாடத்திட்டத்தில் அது இன்னும் ஒரு வரியாக இருக்கத்தான் செய்கிறது. மூன்றாண்டுப் படிப்பில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ குற்றாலத்துக்கோ ஒரு டூர், திரும்பி வந்து டூர் ரிப்போர்ட், கொஞ்சம் மதிப்பெண். இந்த அமைப்பையே மாற்ற வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். உயிரியல் பட்டப்படிப்பில் களம் வாரந்தோறும் நடக்கும் வகுப்பாக வேண்டும். அதற்கு மலைக்குப் போக வேண்டியதில்லை. கல்லூரி மதில்சுவருக்குள்ளேயே தொடங்கலாம்.

இது புதிய யோசனையும் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த பி. எஃப். ஃபைசன், நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி 1915-இலிருந்து மூன்று தொகுதிகளாக எழுதினார். செடியை நேரில் பார்த்து அடையாளம் காணப் படங்கள் வேண்டும் என்பதற்காக அவருடைய மனைவியும் வரைந்தார். அந்தக் கல்லூரியில் 1920-களின் இறுதியில் படித்த ஓர் இளைஞர் அவர்களோடு மலைகளுக்குப் போய்வந்தார், திருமதி ஃபைசனிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர்தான் பின்னாளில் இந்தியாவின் தலைசிறந்த இயற்கை எழுத்தாளர்களில் ஒருவரான மா. கிருஷ்ணன். வகுப்பறைத் தேர்வுகள் அவரை உருவாக்கின என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆசிரியரோடு நடந்த நடைக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அதே மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றவர் இ. கே. ஜானகி அம்மாள். மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று 1931-இல் ஆய்வுப் பட்டம் பெற்று, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியில் இறங்கியவர். செல்லுக்குள் குரோமோசோம்களை எண்ணும் ஆய்வாளராக அறியப்பட்ட அவர், முதுமையில் அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தை எதிர்த்துப் பேசினார். நுண்ணோக்கியா, காடா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. இன்று உயிரித்தொழில்நுட்பம் வந்ததால்தான் களப்பணி போனது என்று குறைசொல்பவர்கள் அவருடைய வாழ்க்கையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகத்துக்கும் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. 1937-இல் கல்லூரி அங்கே இடம்பெயர்ந்தபோது அந்த நிலத்தின் மரங்களைப் பேணியதிலும் புதியவற்றை நட்டதிலும் முன்னின்றவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் வேதியியல் ஆசிரியர். தாவரவியல் அவருடைய சொந்த ஆர்வம். பெருநகரத்தின் விளிம்பில் இன்றும் புதர்க்காடு மிஞ்சியிருக்கும் அந்த வளாகத்தில் படிக்கும் மாணவருக்கு, வகுப்பு முடிந்து விடுதிக்குப் போகும் வழியே ஒரு களம்.

எல்லாக் கல்லூரிக்கும் அந்தப் பேறு இல்லைதான். ஆனால் களம் தேடிப் போன மாணவர்கள் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சென்னைக் கடற்கரையே சாட்சி. ஜனவரி தொடங்கினால் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். 1988-இல் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கென ஒரு மாணவர் வலையமைப்பைத் தொடங்கினார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் மணலில் நடப்பார்கள். ஆமை விட்டுப்போன தடத்தைப் பின்தொடர்ந்து, முட்டைக் குழியைக் கண்டுபிடித்து, நாய்களும் மனிதர்களும் எடுக்கும் முன் முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். அந்தப் பணி இன்றுவரை தொடர்கிறது. அதைத் தொடங்கிய மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார், கடலாமைகளைப் பற்றி நூலும் எழுதினார்.

அந்த நடையில் ஒரு மாணவர் கற்பவற்றைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டைகள். பொரிய ஏறத்தாழ 45 முதல் 60 நாள். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம் முடிவுசெய்வதில்லை, முட்டை கிடக்கும் மணலின் வெப்பம் முடிவுசெய்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் பெருகும், குறைந்தால் ஆண். இதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படிக்கலாம். பொரிப்பகத்து மணலில் வெப்பமானியைச் செருகி, பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தானே குறித்துக்கொண்டவருக்குப் புவி வெப்பமடைதல் என்ற சொல்லின் கனம் வேறு. அதே நடையில்தான் வலையில் சிக்கி மூச்சுத்திணறி இறந்த ஆமைகளும் கண்ணில் படும். அவற்றையும் அளந்து, நாளும் இடமும் எழுத வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஏராளமான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, அதன் அளவைப் புரிந்துகொள்ள முந்தைய ஆண்டுகளின் குறிப்பேடுகள் தேவைப்பட்டன. அந்தக் குறிப்புகளில் பெரும்பகுதியை எழுதியவர்கள் மாணவர்களும் தன்னார்வலர்களும்.

கடலோரம் இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் 1961 முதல் இயங்குகிறது. பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் முகத்துவார நீர் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். சித்திரையில் அதே இடத்து நீர் கடல்நீர் அளவுக்கு உப்பேறியிருக்கும். மாதம் ஒருமுறை அதே இடத்தில் மிதவைநுண்ணுயிர் வலையை இழுத்து, அகப்பட்டதை நுண்ணோக்கியில் பார்க்கும் மாணவர், ஓர் உயிர்க்கூட்டம் விலகி இன்னொன்று வந்து அமர்வதைக் கண்ணாரக் காண்கிறார். தகவமைப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உரை கிடையாது.

சரி, களப்பணி ஏன் சுருங்கியது? மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்பது எளிதாகச் சொல்லப்படும் காரணம், அதில் பாதி உண்மைகூட இல்லை. முதல் காரணம் பணம். டூர் செலவைப் பெரும்பாலும் மாணவரே ஏற்க வேண்டும். அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது வீட்டில் கேட்கத் தயங்கும் தொகை. அவர்களில் சிலர் காய்ச்சல் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது ஆசிரியர்களுக்கும் தெரியும். இரண்டாவது, பெண் மாணவர்களின் இரவுத் தங்கல். உயிரியல் வகுப்புகளில் பெண்களே அதிகம். தங்குமிடம், கழிப்பறை, உடன்வரும் பெண் ஆசிரியர் ஆகியவை உறுதியாகாதபோது பெற்றோர் மறுப்பதில் தவறு காண முடியாது. மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது. அரசுக் கல்லூரிகளில் வகுப்பெடுப்போரில் கணிசமானவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். வேலைக்கே உறுதியில்லாத ஒருவர் நாற்பது மாணவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய், ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஏன் தலைகொடுக்க வேண்டும்? துறைத்தலைவர் கையெழுத்தும் கல்லூரியின் காப்பீடும் இல்லாமல் அவரிடம் தியாகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

களத்தில் ஆபத்து உண்டு என்பதை மறைக்கவும் கூடாது. ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதி, 2014-இல் அகத்தியமலையில் களப்பணியில் நேர்ந்த விபத்தால் உயிரிழந்தார். மூன்றாண்டுக்குப் பின், மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் கண்டறியப்பட்ட ஊதா நிறத் தவளை இனத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்து, மழைக்காலத்தில் மட்டும் இணைசேர வெளிவரும் தவளை அது. ஓடையின் நீரோட்டத்தில் பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும் அதன் தலைப்பிரட்டைகளைப் பின்தொடர்ந்துதான் ஆய்வாளர்கள் அதை இனங்கண்டார்கள். முதலுதவிப் பயிற்சி, காப்பீடு, வழி தெரிந்த உள்ளூர்க்காரரின் துணை ஆகியவற்றைக் கல்லூரி ஏற்பாடு செய்வது பூபதி போன்றவர்களுக்குச் செய்யும் மரியாதை.

உள்ளூர்க்காரர் என்று சொல்லும்போது இருளர்களை நினைக்காமல் இருக்க முடியாது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடக்கிறது. பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சை அது எடுத்துத் தருகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-இல் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே சதுப்புநிலங்களில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிப்பது வேலை. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் தேடி அழைத்த அறிவு அது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரக் கல்லூரிகள் இத்தகையவர்களை மதிப்பூதியத்தோடு களப்பயிற்றுநர்களாக அமர்த்தலாமே. சருகான இலையில் பாம்பு போன தடத்தைக் காட்ட முனைவர் பட்டம் பெற்ற எத்தனை பேரால் முடியும்?

மாணவர்களிடமும் இப்படிப் பயன்படாமல் கிடக்கும் அறிவு இருக்கிறது. கிராமத்திலிருந்து வரும் மாணவி துத்தி, நாயுருவி, குப்பைமேனி, கீழாநெல்லி எல்லாவற்றையும் இலையைப் பார்த்தே சொல்லிவிடுவார். கீழாநெல்லிக்கும் மேலாநெல்லிக்கும் வேறுபாடு காட்டுவார். வகைப்பாட்டியலுக்கு வேண்டிய கண் அவரிடம் ஏற்கனவே இருக்கிறது. லத்தீன் பெயர்களும் ஆங்கில விளக்கங்களும் மட்டுமே மதிப்பெண் பெறும் தேர்வில் அவர் பின்தங்குகிறார். வாரம் ஒரு களவகுப்பு இருந்தால் முதல் மாதத்திலேயே அவர் வகுப்பில் முன்னால் நிற்பார்.

பழைய டூரை அப்படியே மீட்டெடுக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அந்தக் காலத்து டூர் பெரும்பாலும் சேகரிப்புப் பயணம். கண்டதையெல்லாம் பாலித்தீன் பையில் போட்டு, ஃபார்மலினில் அமிழ்த்தி, துறை அலமாரியை நிரப்பிய பயணம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாயின. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் முதலியவை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தன. பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் விலங்கியல் படிப்புகளில் பிராணிகளை அறுப்பதை நிறுத்தச் சொன்னது. மூன்றும் நல்ல முடிவுகள். வகுப்புதோறும் தவளைகளைக் கொன்று கற்ற காலம் போனதற்கு வருந்த வேண்டியதில்லை. வருந்த வேண்டியது, அப்படி விடுபட்ட செய்முறை நேரத்தில் சுவர்ப்படங்களும் கணினித் திரையும் வந்து உட்கார்ந்ததற்கு. அறுக்கக்கூடாத தவளையை அதன் குளத்தில் பார்க்கத் தடையேதும் இல்லை. வடகிழக்குப் பருவமழையின் முதல் இரவுகளில் கல்லூரி விளையாட்டுத் திடலின் தண்ணீரில் எத்தனை வகைக் குரல்கள் கேட்கின்றன, எந்தக் குரல் எத்தனை நாளில் அடங்குகிறது என்று பதிவுசெய்வதும் விலங்கியல் செய்முறைதான். கைப்பேசி ஒன்று போதும்.

களப்பணி சுருங்கியது நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1950-களில் உயிரியல் பட்டம் பெற குறைந்தது இரண்டு இயற்கை வரலாற்றுப் பாடங்கள் கட்டாயமாக இருந்தன என்றும், இப்போது பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒன்றுகூடக் கட்டாயமில்லை என்றும் 2014-இல் பயோசயன்ஸ் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை கவலைப்பட்டது. ஆனால் அங்கே அருங்காட்சியகங்களும் பறவை நோக்கர் சங்கங்களும் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. இங்கே பெரும்பாலான மாணவருக்குக் கல்லூரிதான் ஒரே வாசல்.

வாரக் களவகுப்பு எப்படி இருக்கலாம் என்று பார்க்க, விருதுநகரிலோ ராமநாதபுரத்திலோ ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் சீமைக் கருவேலம். அதை வெட்டச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்கு போன மாநிலம் இது. மேடைகளிலும் கைப்பேசிகளிலும் அதைப் பற்றி உண்மையும் பொய்யும் கலந்து ஓடுகின்றன. தாவரவியல் மாணவர்கள் பிளாஸ்டிக் குழாயில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்து, கருவேல நிழலில் பத்து இடத்திலும் வெளியில் பத்து இடத்திலும் வைத்து, உள்ளே எத்தனை வகைச் செடி முளைத்திருக்கிறது என்று எண்ணினால் போதும். மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. மூன்று ஆண்டு தொடர்ந்தால் அந்த ஊராட்சிக்கே பயன்படும் தரவு கையில் இருக்கும். புள்ளியியல் தாளில் சராசரியும் திட்டவிலக்கமும் ஏன் படிக்கிறோம் என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

விலங்கியல் துறைக்கு இதைவிடவும் எளிய களம் உண்டு. ஒரு கரண்டி, ஒரு வெள்ளைத் தட்டு. வளாகத்தில் தேங்கிய நீரையெல்லாம் மொண்டு பார்த்தால் கொசுப்புழுக்கள் அகப்படும். நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் அனோஃபிலிஸ், மலேரியா பரப்புவது. தலைகீழாகச் சாய்ந்து தொங்கி, மூச்சுக்குழல் நீண்டிருந்தால் கியூலெக்ஸ், குட்டையாக இருந்தால் ஏடிஸ், டெங்கு பரப்புவது. இந்த வேறுபாடு எல்லாப் பாடப்புத்தகத்திலும் படத்தோடு இருக்கிறது. விடுதியின் பின்புறம் கிடக்கும் பழைய டயரில் அதைக் கண்டுபிடித்த மாணவர் அன்றே டயரைக் கவிழ்த்துவிடுவார்.

இவற்றுக்கு நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். ஏற்கனவே இருக்கும் செய்முறை நேரத்தில் வாரம் ஒரு பகுதியைக் களத்துக்கு மாற்றினால் புதிய நேரம் தேவைப்படாது. தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களுக்கு இதைச் செய்யும் அதிகாரம் இப்போதே இருக்கிறது. டூர் ரிப்போர்ட்டுக்குப் பதில் மூன்றாண்டும் தொடரும் களக்குறிப்பேட்டுக்கு மதிப்பெண் தரலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்டால் அதையும் அந்தக் குறிப்பேட்டில் சேர்க்கலாம். நெடும்பயணம் ஒன்று இருக்கட்டும், அதன் செலவைக் கல்லூரியும் அரசும் ஏற்கட்டும்.

கடைசியாக ஹெர்பேரியம். தாவரவியல் மாணவர்கள் ஆண்டுதோறும் செடிகளைப் பழைய நாளிதழ்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, உலர்த்தி, தாளில் தைத்து ஒப்படைக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் அந்தத் தாள்களில் பெரும்பாலானவை குப்பைக்குப் போகின்றன. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராப்பினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கிய கே. எம். மேத்யூ, இத்தகைய தாள்களின் வலிமையில்தான் தமிழ்நாட்டுத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்டார். பின்னர் பழனி மலைக்கும் ஒன்று எழுதினார். எந்தச் செடி எந்த ஊரில் எந்த நாளில் பூத்தது என்று எழுதிய ஒரு தாள் ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் பேசும். அடுத்த கல்வியாண்டில் ஒவ்வொரு தாவரவியல் துறையும் மாணவர் தாள்களில் நல்லவற்றைத் தேர்ந்து, ஊரும் நாளும் சேகரித்தவர் பெயரும் குறித்து, திருச்சிக்கோ கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல ஹெர்பேரியத்துக்கோ எழுதிக் கேட்டு, அவர்கள் ஏற்பவற்றை அனுப்பத் தொடங்கலாம். மீதியைத் துறையிலேயே பூச்சி அரிக்காத ஓர் இரும்பு அலமாரியில் எண் போட்டு வைக்கலாம். அலமாரி ஒன்று வாங்கும் பணம் எந்தத் துறையிடமும் இருக்கும்.